கூட்டாமல் குறைக்காமல்

மதிய ஷிஃப்டுக்குச் சங்கு ஊதப்போகிற நேரத்தில் எங்கள் சலவை ஆலையின் கேட் பக்கம் வந்தால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். லாரிகள் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டுவதற்காகத் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம், வேலைக்குப் போகிற நான் நிற்பேன். அந்தப் பக்கம், வேலை முடிந்து வந்த என் மனைவி நிற்பாள். அவள் என்னைப் பார்க்க மாட்டாள். நான் மட்டும் இளைத்தவனா? வாட்ச்மேன் கூண்டின் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எங்கள் மகள் ஒரு கையில் தம்பியைப் பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போவாள். பிள்ளைகள் கைமாறிவிட்டார்கள். சங்கு ஊதும். நான் உள்ளே, அவர்கள் மூவரும் பஸ் ஸ்டாப்புக்கு.

மகளுக்கு ஏழு வயது. எதைச் சொன்னாலும் "அப்படின்னா..." என்று ஆரம்பிப்பாள், அதனால் வக்கீல். சின்னவனுக்கு மூன்று வயது, கன்னம் இரண்டும் உப்பிக் கிடப்பதால் பூசணி. இரண்டு பெயரையும் வைத்தவன் நான்தான். நானும் என் மனைவியும் பேசாமல் இருந்த காலத்தில் எங்கள் குடித்தனம் மொத்தமும் இந்த வக்கீலின் வாய் வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தது. சமையல் கேஸ் தீர்ந்ததும், தண்ணீர் வராததும், பூசணிக்குச் செருப்பு சின்னதாகிப்போனதும் எல்லாம் அவள் வழியாகத்தான். என் மனைவி இந்த வீட்டில் இருப்பாளா, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாளா என்ற கேள்வியும் கடைசியில் அவள் வழியாகத்தான் வந்தது.

எங்கள் ஆலைக்கு ஓட்டல், ஆஸ்பத்திரிகளிலிருந்து விரிப்புகளும் துண்டுகளும் மூட்டை மூட்டையாக வரும். அவள் காலை ஷிஃப்ட், கறைப் பிரிவு. விரிப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இது டீ, இது மருந்து, இது உதட்டுச்சாயம் என்று பிரித்துப் போடுவாள். நான் மதிய ஷிஃப்ட், ரோலர். ஆவியில் கொதிக்கிற உருளைக்குள் ஈர விரிப்பை விட வேண்டும். அதற்கு இரண்டு பேர். ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஒரே சமயத்தில் விட வேண்டும். ஒருவன் முந்தினாலும் விரிப்பு கோணிக்கொண்டு உள்ளே போய்ச் சுருண்டுவிடும். என் ஜோடிக்கு நான் வைத்த பெயர் ரேடியோ. காதில் விழுகிறது எல்லாமே அவன் வாயிலிருந்து ஒலிபரப்பாகும்.

ஷிஃப்ட் மாறும்போது எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. வெளியே போகிறவன், உள்ளே வருகிறவனிடம் மிஷினின் நிலைமையைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஒரு தடவை எனக்கு முன்னால் இருந்தவன், பாவம், நல்ல மனசுக்காரன், வேலைக்கு வரும்போதே இவனைப் பயமுறுத்துவானேன் என்று "எல்லாம் நல்லா ஓடுதுண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ரோலரின் தடுப்புத் தகடு கழன்றிருந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் என் தோல் உரிந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. நல்ல வார்த்தை சொல்லி என்னைச் சுட்டவன் அவன். அன்றிலிருந்து இனிக்க இனிக்கப் பேசுகிற யாரைப் பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேறு நாதி இல்லாததால்தான் ஆளுக்கொரு ஷிஃப்ட். விடியும் முன்னே அவள் போய்விடுவாள். வக்கீலைப் பள்ளிக்கூடத்துக்குத் தயார் செய்து, பூசணியைக் குளிப்பாட்டி, மதியம் இருவரையும் கேட்டுக்குக் கொண்டுவந்து ஒப்படைப்பது என் பாடு. நான் வீடு திரும்பும்போது மூவரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். வார லீவும் அவளுக்கொரு நாள், எனக்கொரு நாள். சண்டை போட வேண்டும் என்றாலும் கேட்டில்தான் போட வேண்டும். போட்டேன்.

அன்று காலை பூசணியின் உடம்பு அனலாகக் கொதித்தது. முந்தின நாள் சாயங்காலமே சுட ஆரம்பித்துவிட்டதாக வக்கீல் சொன்னாள். அவன் அம்மாவுக்குத் தெரியும், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் ஓடி, காத்துக் கிடந்து, மருந்து வாங்கி, அப்படியே கேட்டுக்கு வந்தேன். அவள் வெளியே வந்தாளோ இல்லையோ, எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீயெல்லாம் ஒரு அம்மாவா? எவனோ படுத்த துணியில கறை தெரியுது, பெத்த பிள்ளை உடம்பு சுடறது தெரியலையா உனக்கு?"

இரண்டு ஷிஃப்ட் ஆட்களும் நின்று கேட்டார்கள். வாட்ச்மேன் கூண்டை விட்டே வெளியே வந்துவிட்டான். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"ராத்திரியே மருந்து குடுத்தேன். குறைஞ்சுது. நீங்க அசந்து தூங்கிட்டு இருந்தீங்க, எழுப்ப வேணாம்னு போனேன்" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு கொஞ்சம் சத்தமாக, "இனிமே உங்ககூடப் பேசினா என்னை ஏன்னு கேளுங்க" என்றாள்.

இரண்டு நாள் தாங்காது என்று நினைத்தேன். மாதம் திரும்பியது. போனில் செய்தி அனுப்பினால் திறந்துகூடப் பார்ப்பதில்லை. சரிதான் போ, எனக்கு மட்டும் வாய் அரிக்கிறதா என்று நானும் நிறுத்திக்கொண்டேன்.

அப்போதுதான் வக்கீல் பதவிக்கு வந்தாள். காலையில் அவளுக்குத் தலை வாரிக்கொண்டே என் செய்திகளைச் சொல்லுவேன். மதியம் கோட்டைத் தாண்டிப் போய் அம்மாவிடம் சொல்லுவாள். அம்மாவின் பதில் மறுநாள் காலை எனக்கு வந்து சேரும்.

"கேஸ் தீர்ந்துபோச்சுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு. இதைக்கூடக் கவனிக்காம மகாராணி மாதிரி போறாங்கன்னு சொல்லு."

"மகாராணியும் சொல்லணுமாப்பா?"

"அதைத்தான் முதல்ல சொல்லணும்."

முதலில் வந்த பதில்கள் சுருக்கென்றுதான் இருந்தன. போகப் போக இனிக்க ஆரம்பித்தன. ஒரு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினேன். "முதுகு வலி உயிர் போகுதுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு, சந்தோஷப்படட்டும்" என்றேன். மறுநாள் வக்கீல் ஒரு தைல பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினாள். "அம்மா குடுக்கச் சொன்னாங்க. நல்லா அழுத்தித் தேய்க்கணுமாம்." இன்னொரு நாள், "அப்பா ரொம்ப மெலிஞ்சு போயிட்டாங்கன்னு அம்மா வருத்தப்பட்டாங்க" என்றாள். கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். மெலிந்துதான் இருந்தேன். அடடா, கவனிக்கிறாளே என்று இருந்தது.

அதே வாரத்தில் சமையல் மேடையில் தெர்மாஸ் வைக்கத் தொடங்கினாள். தூங்கி எழுந்தால் சூடான டீ, எனக்குப் பிடித்த மாதிரி சர்க்கரை தூக்கலாக. உள்ளம் குளிர்ந்தது, ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"வழிக்கு வந்துட்டா" என்றேன் ரேடியோவிடம், விரிப்பின் முனையைப் பிடித்தபடி. "இன்னும் நாலு நாள் பொறு. அவளாவே வந்து பேசறா பாரு."

"பேசட்டும், பேசட்டும். அந்தப் பக்கம் பஸ் ஏறறதுக்குள்ள பேசினா சரி."

"எந்தப் பக்கம்?"

ரேடியோ என்னை அதிசயமாகப் பார்த்தான். "நிஜமாவே தெரியாதா? புது ஆலை திறக்கறாங்கல்ல, பஸ்ல பகல் பூரா போகணுமே, அங்க. கறைப் பிரிவுக்கு சூப்பர்வைசரா உங்க வீட்டம்மாவைத்தான் கேட்டிருக்காங்க. குடியிருக்க வீடு, குழந்தைங்களைப் பாத்துக்க ஆள், எல்லாம் காம்பவுண்டுக்குள்ளயே. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம்."

என் பக்கத்து முனை கையை விட்டுப் போய்விட்டது. விரிப்பு கோணிக்கொண்டு உள்ளே போய்ச் சுருண்டது. மிஷினை நிறுத்தி அதைப் பிடுங்கி எடுத்தேன். அந்தப் புது ஆலையில் ரோலர் தானாகவே விரிப்பை இழுத்து, தேய்த்து, மடித்துத் தள்ளிவிடுமாம். அங்கே என்னைப் போன்றவனுக்கு வேலையே கிடையாது. அவள் போனால் பிள்ளைகள் அவளோடுதான் போவார்கள். அங்கே பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே என்னிடம் என்ன இருக்கிறது? மதிய ஷிஃப்ட் இருக்கிறது.

சரி, பேசிவிடுவோம் என்று முடிவு செய்தேன். அவள்தான் இவ்வளவு இறங்கி வந்துவிட்டாளே, டீ வைக்கிறாள், தைலம் கொடுக்கிறாள், மெலிந்துவிட்டேன் என்று வருத்தப்படுகிறாள். நான் ஓர் அடி எடுத்து வைத்தால் என்ன குறைந்துவிடும்? மறுநாள் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். வக்கீல் தம்பியோடு கிளம்பியதும், நானும் கூடவே மஞ்சள் கோட்டைத் தாண்டினேன். கேட்டில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"தைலம் நல்லா கேக்குது" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எந்தத் தைலம்?"

"அதான், நீ குடுத்தனுப்பினது. முதுகுக்கு."

"நான் எப்ப குடுத்தேன்?" என்றவள் சட்டென்று கைப்பையைத் திறந்து துழாவினாள். "பச்சை மூடி போட்டதா? என் பையில இருந்ததா? கையெல்லாம் விட்டுப்போகுதுன்னு நான் அதைத் தேடாத இடமில்ல. கேட்டு வாங்கக்கூடாதா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். "அண்ணே, தைலமா திருடினீங்க?" என்றான் ரேடியோ. அவ்வளவுதான், கேட்டே சிரித்தது. பூசணிக்கு என்ன புரிந்ததோ, அவனும் கையைத் தட்டிச் சிரித்தான். வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை. தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூக்கறுபட்டு உள்ளே போனேன். அன்று முழுக்க ரோலரில் ஒரு விரிப்பும் நேராகப் போகவில்லை.

மறுநாள் காலை பூசணியை டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு வக்கீலைக் கூப்பிட்டேன்.

"முதுகு வலின்னு சொன்னேனே, அன்னைக்கு உங்கம்மா நிஜமா என்ன சொன்னா?"

"தைலம்..."

"நிஜமா."

உதட்டைக் கடித்தாள். "வலிக்க வேண்டியது முதுகு இல்ல, வாய். வாய் வலிச்சா வந்து சொல்லுங்கன்னு சொன்னாங்க."

"மெலிஞ்சு போயிட்டேன்னு சொன்னது?"

"அது... நான் பாத்தேன்பா. நிஜமாவே மெலிஞ்சுட்டீங்க."

"நான் சொன்னதையெல்லாம் அங்க என்னன்னு சொன்னே? மகாராணின்னு சொன்னேனே?"

"அம்மா பாவம், வேலை பாத்துட்டு டயர்டா இருப்பாங்க, கேஸை நானே பாத்துக்கறேன்னு அப்பா சொன்னாருன்னு சொன்னேன்." கொஞ்சம் தைரியம் வந்து, "சாப்பாடு நல்லா இருக்குன்னும் சொன்னீங்கன்னு சொன்னேன். அம்மா சிரிச்சாங்க. ரெண்டு தடவை கேட்டாங்க" என்றாள்.

வேறு எந்த அப்பனாக இருந்தாலும் அந்த இடத்தில் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருப்பான். எனக்குக் காதில் விழுந்தது கேட்டில் கேட்ட சிரிப்புதான். ஊரைக் கூட்டி என்னைக் கோமாளி ஆக்கியது நான் பெற்ற பெண். சட்டையின் கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டினேன்.

"இது என்ன?"

"சுட்ட காயம்."

"ஏன் சுட்டுச்சு? ஒருத்தன் நல்லவன் மாதிரி பொய் சொன்னான். அதனால. நீயும் அதைத்தான் செஞ்சிருக்கே. இனிமே யார் என்ன சொன்னாலும் அதை அப்படியே சொல்லணும். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. இது மேல கை வச்சு சத்தியம் பண்ணு."

"அப்படின்னா சண்டை வருமேப்பா."

"வரட்டும்."

சின்னக் கையைத் தழும்பின் மேல் வைத்தாள். கை சில்லென்று இருந்தது. "கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன்" என்றாள். பிறகு போய்த் தம்பி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவன் ரிமோட்டைப் பிடுங்கியபோதுகூட வழக்குப் பேசவில்லை.

வியாழக்கிழமை காலை. எதுவுமே சரியாக நடக்காத காலை. ஹீட்டர் வேலை செய்யவில்லை. பூசணி பாலைத் தட்டி விட்டு, அதிலேயே உட்கார்ந்து, கையால் அளைந்துகொண்டிருந்தான். நான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வக்கீல் பள்ளிக்கூட உடுப்போடு என் முன்னால் வந்து விறைப்பாக நின்றாள், பாட்டுப் போட்டியில் நிற்கிற மாதிரி.

"அம்மா சொன்னது. 'எனக்குப் புது ஆலையில வேலை குடுக்கறாங்க. வெள்ளிக்கிழமை பதில் சொல்லணும். நான் போகட்டுமா, இருக்கட்டுமான்னு அப்பாவைக் கேளு. அவர் இருன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் இருக்கேன்.' அவ்வளவுதான். கூட்டல, குறைக்கல."

துடைத்த கை நின்றது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நெஞ்சுக்குள் என்னவோ இளகியது. அப்புறம்தான் புத்தி வேலை செய்தது. வாய் வலித்தால் வந்து சொல்லச் சொன்னவளா இதைச் சொல்லியிருப்பாள்? எந்தத் தைலம் என்று கேட்டவளா? இருன்னு ஒரு வார்த்தை சொன்னா இருக்கேனாம். தேன் சொட்டுகிறது. இது அவள் பேச்சு இல்லை, இந்தக் குட்டியின் கைவேலை. இதை நம்பிக் கோட்டைத் தாண்டி, "இரு" என்று சொல்லி, "யாரு உங்களைக் கேட்டா?" என்று அவள் சொல்லி, ஆலையே சிரிக்க வேண்டுமா?

"மறுபடியும் கதை கட்டறியா?"

"இல்லப்பா! சத்தியமா அம்மா சொன்னதுதான்."

"அப்ப நான் சொல்றதையும் சொல்லு. போகச் சொல்லு. தாராளமா போகச் சொல்லு. தொல்லை விட்டுதுன்னு நான் நிம்மதியா இருப்பேன்னு சொல்லு."

வக்கீல் அசையவில்லை. பால் அவள் சாக்ஸில் ஏறிக்கொண்டிருந்தது.

"அப்பா."

"என்ன?"

"இது ஒண்ணை மட்டும் வேற மாதிரி சொல்லட்டுமா?"

"ஒரு எழுத்து மாத்தினே, தோலை உரிச்சுடுவேன்."

சொல்லிவிட்டேன். அவளுக்கு ஈர சாக்ஸைக் கழற்றி வேறு சாக்ஸ் மாட்டிவிட்டேன். காலை நீட்டச் சொன்னபோது நீட்டினாள். தலை வாரும்போது இழுத்தாலும் "ஆ" என்றுகூடச் சொல்லவில்லை.

ரோலர் கூடத்தின் ஜன்னல் பஸ் ஸ்டாப்பைப் பார்த்திருக்கும். ஆவி படிந்து எப்போதும் மங்கலாக இருக்கும். அன்று மதியம் அதைத் துணியால் துடைத்துவிட்டு நின்றேன். பெஞ்சின் முன்னால் வக்கீல் கையைக் கட்டிக்கொண்டு நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா குனிந்து என்னவோ கேட்டாள். வக்கீல் தலையாட்டினாள். மறுபடி கேட்டாள். மறுபடி தலையாட்டினாள். அம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர்கள் ஏற வேண்டிய பஸ் வந்தது, நின்றது, போனது. அவள் எழுந்திருக்கவில்லை. பூசணி பஸ்ஸுக்கு டாட்டா காட்டினான்.

"முனையைப் பிடிங்கண்ணே" என்று ரேடியோ கத்தினான்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில், அவள் சமையலறையில் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைக்கிற சத்தம் கேட்டது. முழித்துக்கொண்டுதான் இருந்தேன். எழுந்து நாலு எட்டு வைத்தால் சமையலறை. நேற்று போ என்று சொல்லிவிட்டு இன்று எந்த மூஞ்சியோடு போய் நிற்பது? தூங்குகிறவன் மாதிரி மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருந்தேன். கதவு சாத்திய பிறகு எழுந்து போனேன். தெர்மாஸ் மேடையில் இருந்தது. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இந்த டீயை வக்கீல் போடவில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு அடுப்புப் பக்கம் போகவே அனுமதி இல்லை. தைலம் பொய், மெலிந்துபோனது பொய், ஆனால் டீ நிஜம். நான் சொல்லாத வார்த்தைகளைக் கேட்டுச் சிரித்து, நம்பி, விடிவதற்கு முன்னே சர்க்கரை தூக்கலாகப் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அப்படிப்பட்டவள் இருன்னு ஒரு வார்த்தை சொன்னா இருக்கேன் என்று சொல்லியிருக்க மாட்டாளா? அட மடையா.

வக்கீலை எழுப்பினேன். "நேத்து அம்மா என்ன சொன்னாங்க?"

தூக்கம் கலையாமலே எழுந்து உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டாள். "'நிஜமாவே அப்படியா சொன்னார்?'னு கேட்டாங்க. ஆமான்னேன். 'சாப்பாடு நல்லா இருக்குன்னு சொன்னவரா இப்படிச் சொன்னார்?'னு கேட்டாங்க. அது நான் சொன்னதுன்னு சொல்லிட்டேன். 'டயர்டா இருப்பேன்னு சொன்னது?'ன்னாங்க. அதுவும் நான்தான்னு சொன்னேன். அப்புறம் அம்மா ஒண்ணும் சொல்லல. அழுதாங்க. அழுதது சொல்லணுமா, வேணாமான்னு எனக்குத் தெரியல."

"என்கிட்ட நேத்தே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க காலையிலதானே கேட்பீங்க."

அன்றே அவள் ஆபீசில் சம்மதம் சொல்லிவிட்டதாக ரேடியோ சொன்னான். நான் கேட்டில் அவளைப் பார்த்தேன், முதல் தடவையாகக் கூரையைப் பார்க்காமல் அவளையே பார்த்தேன். அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். எத்தனையோ மதியம் அப்படியே கழிந்தது. வீட்டில் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கட்டப்பட்டுக்கொண்டே வந்தன. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். மன்னிப்புக் கேட்பதா, கோபப்படுவதா, பூசணி என்னை விட்டு எப்படித் தூங்குவான் என்று ஆரம்பிப்பதா என்று வார்த்தையைத் தேடிக்கொண்டே இருந்தேன். ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. அதை அவளே எடுத்துக் கொடுத்திருந்தாள்.

அவளுடைய கடைசி ஷிஃப்ட் முடிந்த அன்று, புது ஆலைக்கு விரிப்பு ஏற்றிப் போகிற லாரி மஞ்சள் கோட்டில் நின்றது. மூட்டைகளுக்கு நடுவில் எங்கள் வீட்டுப் பெட்டிகள். டிரைவர் பக்கத்தில் மூவருக்கும் இடம். நான் வழக்கம்போலப் பிள்ளைகளைக் கொண்டுவந்து நின்றேன். பூசணிக்கு லாரியில் போகப்போகிற குஷி, காலைத் தரையில் வைக்கவில்லை. அவன் அம்மா சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். கறைப் பிரிவுப் பெண்கள் அவளைக் கட்டிப் பிடித்தார்கள். அவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

எனக்கு வாய் இருக்கிறது. இதே கேட்டில் இரண்டு ஷிஃப்டும் கேட்கக் கத்தத் தெரிந்த வாய். நாலே எட்டுதான். கால் எழவில்லை. வக்கீலின் முன்னால் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மாகிட்ட போய்ச் சொல்லு. இருக்கச் சொல்லு. அப்பா இருன்னு சொன்னாருன்னு சொல்லு."

"அப்படியேவா?"

"அப்படியே."

முகம் மலர்ந்துவிட்டது அவளுக்கு. தம்பியைக்கூட என்னிடமே விட்டுவிட்டு ஓடினாள். லாரியின் படியில் ஒரு காலை வைத்திருந்த அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, எக்கி எக்கிச் சொன்னாள். என் பக்கம் கையைக் காட்டினாள். மறுபடி சொன்னாள். அவள் படியிலிருந்து காலை எடுத்தாள். நான் எழுந்து நின்றேன். அவள் வக்கீலின் முன்னால் மண்டியிட்டு, முகத்தைத் துடைத்துவிட்டு, கன்னத்தில் முத்தம் கொடுத்து, என்னவோ சொன்னாள். என்னைப் பார்க்கவே இல்லை.

வக்கீல் திரும்பி வந்தாள். போனபோது ஓடியவள் நடந்து வந்தாள். என் முன்னால் நின்று கையைக் கட்டிக்கொண்டாள்.

"'போதும்டா கண்ணு, நீ இனிமே எங்களுக்காகப் பொய் சொல்ல வேணாம்'னு அம்மா சொன்னாங்க. அவ்வளவுதான்."

மூக்கை உறிஞ்சினாள்.

"கூட்டலப்பா, குறைக்கல."

தம்பியின் கையை என் கையிலிருந்து பிரித்து எடுத்துக்கொண்டு, கோட்டைத் தாண்டிப் போனாள். சங்கு ஊதியது. நான் உள்ளே போனேன்.